மூன்று வயதுப் பிள்ளையோடு டோக்கியோவில் ஒரு நாள்: உவேனோவா, ஓமியாவா, கசாயா?

டோக்கியோவில் சின்னப் பிள்ளையோடு எங்கே போகலாம் என்று கேட்டால் முதலில் வரும் பதில் டிஸ்னிலேண்ட். மூன்று வயது வரை டிக்கெட் இல்லைதான். ஆனால் பெரியவர் ஒருவருக்கு நாளைப் பொறுத்து 7,900 யென் முதல் 10,900 யென் வரை ஆகிறது. போதாததற்கு வரிசை, சில சவாரிகளுக்கு உயரக் கட்டுப்பாடு. அந்த வயதில் வரிசையில் நிற்கச் சொல்வது பிள்ளைக்கும் தண்டனை, நமக்கும் தண்டனை. ஆறேழு வயது ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் மூன்று இடங்கள்: உவேனோ விலங்குப் பூங்கா, ஓமியா ரயில் அருங்காட்சியகம், கசாய் ரின்காய் பூங்காவும் அதிலுள்ள மீன் காட்சியகமும். பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கும், மதியம் எங்கே தூங்கும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று பார்த்துத்தான் நான் இடம் தேர்ந்தெடுப்பேன்.

உவேனோ 1882-இல் திறந்தது. ஜப்பானின் மிகப் பழைய விலங்குப் பூங்கா. பெரியவருக்கு 600 யென், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் வரை இலவசம். நிலையத்தின் 'பூங்கா வாசல்' வழியாக வெளியே வந்தால் சாலையைக் கடக்காமலே ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். பலரும் பாண்டாவுக்காகத்தான் இங்கே வந்தார்கள். கடைசி இரண்டும் 2026 ஜனவரியில் சீனாவுக்குத் திரும்பிவிட்டன. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் பிள்ளையிடம் பாண்டா காட்டுகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். யானை இருக்கிறது. இங்கே யானைக்கு ஒரு கதையும் உண்டு. போர்க்காலத்தில், 1943-இல், இங்கிருந்த யானைகளைப் பட்டினி போட்டுச் சாகவிட்டார்கள். போர் முடிந்தபின் டோக்கியோ பிள்ளைகள் யானை வேண்டும் என்று கேட்டு எழுத, 1949-இல் நேரு ஒரு யானையை அனுப்பினார். அதற்குத் தன் மகள் பெயரையே, இந்திரா என்று, வைத்தார். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் யானைக் கொட்டிலுக்கு முன்னால் நின்று சொல்ல நல்ல கதை.

சிக்கல் நடைதான். யானை, புலி, கொரில்லா எல்லாம் கிழக்குப் பகுதியில். ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் மேற்கில். இரண்டையும் இணைத்த மோனோரயில் 2019-லேயே நின்று, 2023-இல் ஒரேயடியாக மூடப்பட்டுவிட்டது. இப்போது பாலத்தில் நடந்துதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கூண்டுக்கு முன்னால் பிள்ளையைத் தோளில் தூக்கியே நம் முதுகு போய்விடும். வார நாள் கிடைத்தால் உவேனோ. இல்லாவிட்டால் ஒரு பகுதியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஓமியா, மழை நாளுக்கென்றே கட்டியது போல இருக்கும். பெரும்பாலும் உள்ளரங்கம். உவேனோவிலிருந்து ஓமியாவுக்கு ரயிலில் சுமார் அரை மணி, அங்கிருந்து நியூ ஷட்டில் என்ற சிறு ரயிலில் ஒரே நிலையம். அருங்காட்சியகம் 2007-இல் திறந்தது. நடு மண்டபத்தில் சுழல்மேடை மீது சி57 நீராவி எஞ்சின் நிற்கிறது; அதன் ஊதல் சத்தத்தில் சில பிள்ளைகள் குதிக்கும், சில அழும், உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துகொண்டு போங்கள். முதல் தலைமுறை ஷின்கான்சென் (புல்லட் ரயில்) பெட்டிக்குள் ஏறிப் பார்க்கலாம். பழைய பெட்டிகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். கட்டணம்தான் கொஞ்சம் கடிக்கும்: பெரியவருக்கு 1,600 யென், மூன்று வயது ஆனாலே பிள்ளைக்கும் உண்டு. ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அந்தப் பைத்தியம் அப்பாவுக்கு மட்டும்தான் என்றால் யோசியுங்கள்.

என் ஓட்டு கசாய்க்கு. மீன் காட்சியகத்துக்குப் பெரியவருக்கு 700 யென், சின்னவர்களுக்கு இலவசம். சுற்றியுள்ள பூங்காவுக்குக் கட்டணமே இல்லை. மேலே கண்ணாடிக் குவிமாடம். உள்ளே இறங்கினால் வளைய வடிவத் தொட்டியில் பெரிய சூரை மீன்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளை நிற்கிற இடத்துக்கு மீனே திரும்பத் திரும்ப வருகிறது, நாம் ஓட வேண்டியதில்லை. கட்டடமும் அளவானது, சீக்கிரமே சுற்றி முடித்துவிடலாம். அப்புறம் புல்வெளி, கடற்காற்று, 117 மீட்டர் ராட்டினம். ராட்டினம் ஒரு சுற்றுக்கு 17 நிமிடம். கீழே இறங்கும் முன் தூங்கிவிட்டாலும் லாபம்தான். குறை என்றால் கோடை வெயில், காற்று பலமாக அடிக்கும் நாட்கள். நிஷி கசாய்ப் பக்கம் நம்மவர்கள் நிறையக் குடியிருக்கிறார்கள். அங்கிருந்து பேருந்து இருக்கிறது. டோக்கியோ நிலையத்திலிருந்து வருபவர்கள் கசாய்க்குப் போகும் கேயோ வழித்தட நடைமேடைக்கே நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டில் மூன்றும் ஒன்றுதான்: சைவக்காரர்களுக்குத் திண்டாட்டம். உதோன், சோபா என்ற ஜப்பானிய நூடுல்ஸ் வகைகளின் சாற்றில் பெரும்பாலும் மீன் சேர்ந்திருக்கும். தயிர்சாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போவதே மேல், அதற்கும் கசாய்ப் புல்வெளிதான் வசதி. குப்பைத்தொட்டியைத் தேடி அலையாமலிருக்க ஒரு பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, ஒரு பெரியவரோடு இருவர் வரை, கட்டணமில்லை.

மூடும் நாளைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பொதுவாக உவேனோ திங்கட்கிழமை, ஓமியா செவ்வாய், கசாய் மீன் காட்சியகம் புதன். அன்று அரசு விடுமுறை வந்தால் திறந்துவிட்டு மறுநாள் மூடுவதும் உண்டு.