ஷார்ஜா ஸ்கூல் வேலைக்கு சர்டிபிகேட் அட்டெஸ்டேஷன்: சென்னை ஏஜென்சில என் அனுபவம்

போன வருஷம் ஷார்ஜால ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர் வேலை கெடச்சுது. ஆஃபர் லெட்டரோட கூடவே ஒரு மெயில், எம்.எஸ்சி டிகிரியும் பி.எட் டிகிரியும் யுஏஇ அட்டெஸ்டேஷன் முடிச்சிருக்கணும், போலீஸ் கிளியரன்ஸ் வேணும், ரெண்டு மாசத்துக்குள்ள ஸ்கேன் அனுப்புங்கன்னு. நான் திருச்சி, வீட்ல யாரும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனதில்ல, அட்டெஸ்டேஷன்னா கெஜட்டட் ஆபீசர்கிட்ட பச்சை மை கையெழுத்து வாங்கறதுன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன், ஆனா இது சர்டிபிகேட் உண்மைதான்னு நம்ம கவர்மென்ட்லயும் யுஏஇ கவர்மென்ட்லயும் வரிசையா சீல் வாங்கறது. கூட வேலை பாத்த டீச்சரோட தங்கச்சி துபாய்ல இருக்கா, அவ சொல்லி எக்மோர் பக்கத்துல இருக்கற ஒரு ஏஜென்சிக்குப் போனேன். பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், நல்லதும் சொல்லப் போறேன், எந்த ஏஜென்சிக்குப் போனாலும் நீங்க பாக்க வேண்டியது ஒண்ணுதான்.

முதல்ல நல்லது. கவுண்டர்ல ஒரு அக்கா இருந்தாங்க, அம்பது வயசு இருக்கும். நான் ஃபைல குடுத்த உடனே ரேட் சொல்லல. டென்த் மார்க்ஷீட், டிகிரி, பி.எட், பாஸ்போர்ட் நாலையும் மேஜைல வரிசையா வெச்சு பேர ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுப் படிச்சாங்க. டென்த்துலயும் டிகிரிலயும் அப்பா இனிஷியல் பேருக்கு முன்னாடி, பி.எட்ல அதே இனிஷியல் பேருக்குப் பின்னாடி, கல்யாணத்துக்கு அப்புறம் ரினியூ பண்ண பாஸ்போர்ட்ல வீட்டுக்காரர் பேர் சர்நேமா இருக்கு. இதுபோக என் பேர்ல வர்ற "த"வுக்கு டிகிரில எச் இருக்கு, பாஸ்போர்ட்ல இல்ல. "டீச்சர், இந்த நாலும் ஒரே ஆளுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அங்க சீட்ல உக்காந்து பாக்கறவருக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல.

நம்ம ஊர்ல முக்காவாசிப் பேருக்கு இந்தப் பிரச்சனை இருக்கு. நமக்கு ஃபேமிலி நேம்னு ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான், அத பாஸ்போர்ட்ல எப்படி விரிச்சு எழுதறோம்ங்கறத அந்த ஃபார்ம் ஃபில் பண்ற அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணிடறோம், அதுவும் நெட் சென்டர் பையன் கேக்கற அவசரத்துல. 2022 நவம்பர்ல பாஸ்போர்ட்ல ஒரே பேர் மட்டும் இருந்தா யுஏஇ விசிட் விசா இல்லன்னு சொல்லி, அப்புறம் ரெண்டாவது பக்கத்துல அப்பா பேர் இருந்தா போதும்னு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா, அப்ப நெறைய தமிழ் ஆளுங்க தவிச்சுப் போய்ட்டாங்க. என் கேஸுக்கு அக்கா சொன்னது, நோட்டரிகிட்ட எல்லா பேரும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட், கூட மேரேஜ் சர்டிபிகேட். ரெண்டையும் ரெடி பண்ணி ஸ்கூல் எச்ஆருக்கு முன்கூட்டியே அனுப்பி, இது போதுமான்னு எழுத்துல பதில் வாங்கச் சொன்னாங்க. வாங்கினேன். அந்த ஒரு மெயில்தான் பின்னாடி என்ன காப்பாத்துச்சு.

அடுத்தது லேமினேஷன். எம்.எஸ்சி டிகிரிய அப்பா 2010ல சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல குடுத்து லேமினேட் பண்ணி வெச்சிருந்தாரு, எங்க வீட்ல முதல் டிகிரி அது, மழை ஒழுகுற வீடு, அவரு பண்ணது தப்பே இல்ல. ஆனா சீல், ஸ்டிக்கர் எல்லாம் டிகிரியோட பின்பக்கத்துல விழணும், லேமினேஷன் இருந்தா வாங்கவே மாட்டாங்க. யூடியூப் பாத்து அயர்ன் பாக்ஸ் வெச்சு நீங்களே பிரிக்காதீங்க, பிரிண்ட் எல்லாம் பிளாஸ்டிக்கோட வந்துடும்னு அக்கா கண்டிப்பா சொல்லிட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பிரிச்சுக் குடுத்தாரு, நான் கூடவே உக்காந்து பாத்தேன், ஒரு மூலைல கொஞ்சம் பேப்பர் போச்சு, எழுத்து எதுவும் போகல. அப்பா அன்னிக்கு நாலு தடவ போன் பண்ணாரு.

மூணாவதா அவங்க பாத்தது மார்க்ஷீட். நம்ம யுனிவர்சிட்டி மார்க்ஷீட்ல இன்டர்னல், எக்ஸ்டர்னல்னு ரெண்டு காலம் இருக்கும்ல? அந்த எக்ஸ்டர்னல்ங்கற வார்த்தைய பாத்துட்டு இவங்க காலேஜுக்கே போகாம வெளில இருந்து படிச்சவங்கன்னு யுஏஇல எடுத்துக்கிட்ட காலம் இருந்துச்சு. 2018 வாக்குல இதனாலயே பல வருஷமா அங்க வேலை பாத்த இந்திய டீச்சர்ஸுக்குக் கூட ஈக்விவலன்சி (நம்ம டிகிரி அவங்க ஊர் டிகிரிக்குச் சமம்னு யுஏஇல குடுக்கற அங்கீகாரம்) நின்னு போய், அது வெறும் மார்க் பிரிவுதான்னு இந்திய எம்பசி விளக்கம் குடுக்க வேண்டியதாச்சு. அதனால காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் வாங்கிக்கோங்கன்னாங்க, ரெகுலர் மோட்ல படிச்சாங்க, எக்ஸ்டர்னல்னா செமஸ்டர் எக்ஸாம் மார்க்னு தெளிவா எழுதி, லெட்டர்ஹெட்ல, சீலோட. இத எந்த வெப்சைட்லயும் நான் பாக்கல. டீச்சர் வேலைக்குப் போறவங்களுக்கு டிகிரி அட்டெஸ்ட் ஆனா மட்டும் பத்தாது, அங்க போய் ஈக்விவலன்சியும் வாங்கணும், அங்க இந்த லெட்டர் கைல இருந்தா எவ்வளவு தைரியம் தெரியுமா. டிஸ்டன்ஸ்ல பி.எட் பண்ணவங்க எங்கயும் பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்க டிகிரி செல்லுமான்னு ஸ்கூல்கிட்ட எழுத்துல கேட்டுடுங்க ப்ளீஸ், அட்டெஸ்டேஷன் ஆகிடுச்சுங்கறதால ஈக்விவலன்சி வந்துடாது.

இப்ப ப்ராசஸ். யுனிவர்சிட்டில இது உண்மையான சர்டிபிகேட்தான்னு ஜெனியூன்னஸ், அப்புறம் செக்ரடேரியட்ல ஹையர் எஜுகேஷன் டிபார்ட்மென்ட் (ஏஜென்சிக்காரங்க இத எச்ஆர்டின்னுதான் சொல்றாங்க), அப்புறம் வெளியுறவுத் துறை, அதாவது எம்இஏ, அப்புறம் யுஏஇ எம்பசி, கடைசியா யுஏஇல மொஃபா, அதாவது அவங்க வெளியுறவுத் துறை. மொஃபாவுக்கு ஒரு டாகுமெண்டுக்கு 150 திர்ஹாம். சில ஏஜென்சில எச்ஆர்டிக்கு பதிலா டெல்லில எஸ்டிஎம் (சப் டிவிஷனல் மாஜிஸ்ட்ரேட்) ரூட்ல சீக்கிரம் முடிச்சுத் தரோம்பாங்க, படிப்பு சர்டிபிகேட்டுக்கு அந்த ரூட் வேணாம்னு இந்த அக்காவே சொல்லிட்டாங்க, அவங்களுக்கு அதுல லாபம் ஜாஸ்தியா இருந்தும்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தி அதே சமயம் ஓமனுக்குப் போனா, அவளுக்கு அப்போஸ்டில் மட்டும் போதும்னாங்க, அதாவது எம்இஏ ஒட்டற ஸ்டிக்கர், அதுக்கு மேல எம்பசி சீல் தேவையில்ல, ஆனா அதுக்கான ஒப்பந்தத்துல இருக்கற நாடுகளுக்கு மட்டும்தான். இந்தியா 2005லயே அந்த ஒப்பந்தத்துல சேந்தாச்சு, ஓமன் இருக்கு, பஹ்ரைன் இருக்கு, சவுதி 2022ல சேந்துச்சு. யுஏஇ, கத்தார், குவைத் இல்ல. அப்போஸ்டிலுக்கு கவர்மென்ட் ஃபீஸ் டாகுமெண்டுக்கு 50 ரூபாதான், மீதி எல்லாம் இடைல இருக்கறவங்களுக்குப் போறது. அதனால நீங்க போற நாடு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்காம ரேட் பேசாதீங்க.

சரி, குறைக்கு வரேன். ரெண்டு டிகிரிக்கும் சேத்து 27,000 கேட்டாங்க, குடுத்தேன். மூணு வாரம்னு சொன்னது ஏழு வாரம் ஆச்சு. லேட் ஆனது கூட பரவால்ல, யுனிவர்சிட்டில நின்னா அவங்க என்ன பண்ணுவாங்க, ஆனா எங்க நிக்குதுன்னு நாமளா போன் பண்ணாதான் சொல்றாங்க. அக்கா கவுண்டரோட சரி, ஃபாலோ அப் பண்றது வேற ஒரு தம்பி, அவரு "ப்ராசஸ்ல இருக்கு மேடம்"ங்கறத தவிர வேற வார்த்தை பேச மாட்டாரு. அஞ்சாவது வாரம் நான் அழுதுட்டேன், ஏன்னா பதினஞ்சு வருஷ உழைப்பு ஒரு கவர்ல எங்கயோ கெடக்கு, எங்கன்னு தெரியல. நடுவுல அர்ஜென்ட் சார்ஜ்னு 2,500 கேட்டாங்க, முதல்ல குடுத்த பில்லுல அது இல்ல, நான் பில்ல போட்டோ எடுத்து அனுப்பினேன், அதுக்கப்புறம் கேக்கல. கடைசில டிகிரி திரும்பி வந்தப்ப மேல ரெண்டு ஸ்டேப்ளர் ஓட்டை. கவரிங் லெட்டர அதுலயே குத்தியிருக்காங்க. இத நான் மன்னிக்கல, அங்கயே சொல்லிட்டும் வந்தேன், அக்கா மட்டும் சாரி கேட்டாங்க.

அதனால ஒரிஜினல் குடுக்கும்போது ரெசிப்ட்ல "சர்டிபிகேட் 2"ன்னு எழுதி வாங்கிட்டு வராதீங்க. சர்டிபிகேட் நம்பர், என்ன கண்டிஷன்ல குடுத்தீங்க, யார் வாங்கினாங்க, எல்லாம் எழுதச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் கலர் ஸ்கேன் எடுத்து வெச்சுக்கோங்க. திரும்பி வந்ததும் எம்இஏ ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர ஆன்லைன்ல போட்டு செக் பண்ணுங்க, நான் அங்கயே கவுண்டர்ல நின்னு பண்ணேன். அப்புறம் ப்ரொவிஷனல் செல்லாது, கான்வகேஷன் சர்டிபிகேட்தான் வேணும். நம்மள்ல நெறைய பேர் பி.எட் கான்வகேஷன் சர்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணவே இல்ல, ஸ்கூல் வேலைக்கு ப்ரொவிஷனல் போதும்னு விட்டுட்டோம். வெளிநாடு போற எண்ணம் லேசா இருந்தாலும் இன்னிக்கே அப்ளை பண்ணிடுங்க.

போலீஸ் கிளியரன்ஸுக்கு (பிசிசி) ஏஜென்சி 4,000 கேட்டாங்க, அத குடுக்கல. பாஸ்போர்ட் சேவா சைட்ல நானே 500 ரூபா கட்டி அப்பாயின்ட்மென்ட் எடுத்து திருச்சிலயே போனேன், ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வந்து விசாரிச்சாங்க, வேலை முடிஞ்சுது. அத கடைசில எடுங்க, ரொம்ப பழசா இருந்தா ஏத்துக்க மாட்டாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். அங்க வெயிட் பண்ணிட்டு இருந்தப்ப ஒருத்தர் வந்து குவைத்ல டீச்சர் வேலை இருக்கு, ஒன்றரை லட்சம் ஆகும்னு ஒரு பொண்ணுகிட்ட பேசிட்டு இருந்தாரு. வேலை வாங்கித் தர்ற ஏஜெண்ட்னா வெளியுறவுத் துறைகிட்ட ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணும், கவர்மென்ட்டோட இமைக்ரேட் சைட்ல பேர் தேடலாம், அவங்க வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜே 30,000 ப்ளஸ் ஜிஎஸ்டிதான். அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், பி.எட் முடிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது அவளுக்கு, நம்பர் வாங்கிக்கிட்டா, சைட்ல பாத்துட்டு அந்தாளு பேர் இல்லன்னு ராத்திரி மெசேஜ் பண்ணா.

அஞ்சுக்கு மூணு குடுப்பேன். அந்த மூணும் அந்த அக்கா முதல் நாள் ஒரு மணி நேரம் என் சர்டிபிகேட்ட படிச்சதுக்கு. சீல் வாங்கறத யார் வேணா பண்ணலாம், உங்க பேப்பர உக்காந்து படிக்கற ஆள் இருக்காங்களான்னு பாத்துட்டு பணம் கட்டுங்க. ஃபைல வாங்கி தொறக்காமயே ரேட் சொன்னா எழுந்து வந்துடுங்க.

ஈக்விவலன்சிக்கு போட்டிருக்கேன், காலேஜ் லெட்டரும் சேத்து அப்லோட் பண்ணியாச்சு. வந்ததும் இதுலயே எழுதறேன், யாருக்காவது அந்த காலேஜ் லெட்டர்ல என்னென்ன வார்த்தை இருக்கணும்னு வேணும்னா கேளுங்க, டைப் பண்ணித் தரேன்.