முதல் சிறுவர் நூல்: பதிப்பகமா, சிவகாசி ஆயிரமா, டிஜிட்டல் நூறா?

வீட்டில் ஒருவர் பிள்ளைகளுக்குக் கதை எழுதி வைத்திருக்கிறார், அதைப் புத்தகமாகப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றால் கைவசம் உள்ள வழிகள் ஐந்து. தன் செலவில் வெளியிடும் பதிப்பகத்துக்கு அனுப்பலாம். பணம் வாங்கிக்கொண்டு போட்டுத் தரும் பதிப்பகத்திடம் போகலாம். சிவகாசியில் ஆஃப்செட்டில் ஆயிரம் பிரதி அடிக்கலாம். டிஜிட்டல் அச்சில் ஐம்பது, நூறு என்று அடிக்கலாம். காகிதமே வேண்டாமென்று இணையத்தில் ஏற்றலாம். எங்கள் மதினி எழுதிய ஆவுளியா (கடற்பசு) கதைக்கு நாங்கள் எடுத்தது டிஜிட்டல் நூறு. ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வரை கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதுவே தோது என்பது எங்கள் கட்சி. காரணம் அச்சுக்கூலி இல்லை. விற்காமல் வீட்டில் தங்கும் பிரதிகள்.

பணம் வாங்கிப் போடும் பதிப்பகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூன்று கேள்வி கேளுங்கள்: ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) யார் பெயரில் வரும், அச்சுக்குப் போன மூலக் கோப்பு நம் கைக்கு வருமா, பிரதிகள் யார் குடோனில் இருக்கும். பெரும்பாலும் ஐஎஸ்பிஎன் அவர்களுக்கு, பிரதிகள் நமக்கு என்றுதான் பதில் வரும். ஐஎஸ்பிஎன்னுக்காக மட்டும் அங்கே போகிறீர்கள் என்றால் போகவே வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது.

தன் செலவில் வெளியிடும் பதிப்பகம் சம்மதித்தால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். ராயல்டி சொற்பம்தான். வழக்கமான பத்து சதவீதத்திலும் படம் வரைந்தவருக்குப் பங்கு போகும். ஆனால் அவர்களிடம் குடோன் இருக்கிறது, சென்னைப் புத்தகக் காட்சியில் கடை இருக்கிறது, அரசு நூலகங்கள் நூல் வாங்கும் ஆணைக்கு விண்ணப்பித்துப் பழக்கம் இருக்கிறது. இந்த மூன்றில் எதையும் ராமநாதபுரத்து வீட்டிலிருந்து தனி ஆள் சமாளிப்பது கடினம். சிக்கல், முதல் நூல்காரருக்கு அந்தச் சம்மதம் கிடைப்பதில் இருக்கிறது. பதில் வரவே மாதக்கணக்காகும்.

அனுப்புவதாக இருந்தால் கதையை மட்டும் அனுப்புங்கள். அண்ணன் மகன் வரைந்த படங்களைச் சேர்த்து அனுப்பினால் கதைக்கே பாதகம், ஏனென்றால் ஓவியரைப் பதிப்பகம்தான் தேர்வு செய்யும். படக்கதைக்கு ஐந்நூறிலிருந்து எண்ணூறு சொல் போதும். எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 32 பக்க மாதிரி கிடைக்கும். தலைப்புப் பக்கம், விவரப் பக்கம் போக மீதியில் கதையைப் பிரித்து எழுதிப் பாருங்கள். நாலு வரி மட்டும் வரவேண்டிய பக்கத்தில் பதினான்கு வரி வந்து விழுவது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் காலம், எல்லை இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். எழுதாமல் விட்டால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு, இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதப்படாதவரை, உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். கையெழுத்து வாங்கிக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இந்தக் கடைசி விதி தெரியாது. சொந்தமாக அச்சிடுகிறவர்கள் ஓவியரிடமும் இதே போலக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை பதிப்பு, மின்னூல் உண்டா, மொழிபெயர்ப்பு உண்டா என்பதெல்லாம் அதில் வரட்டும்.

இனி உண்மையான போட்டி: சிவகாசி ஆயிரமா, டிஜிட்டல் நூறா.

ஆஃப்செட்டின் கணக்கு பிளேட்டில், அதாவது ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியாகச் செய்யும் அச்சுத் தகட்டில் இருக்கிறது. கிரவுன் நாலில் ஒன்று அளவில் 32 பக்கம் என்றால் 16 பக்க பாரம் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) இரண்டு. ஒரு பாரத்துக்கு நான்கு வண்ணம், இரு புறம், ஆக எட்டு பிளேட். இரண்டு பாரத்துக்குப் பதினாறு, அட்டைக்கு நான்கு, மொத்தம் இருபது. நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்த இருபதும் ஒன்றுதான். அதனால்தான் அச்சகத்தார் "ஆயிரமாவே போட்டுடுங்க சார், பேப்பர் காசுதான் கூட" என்கிறார். அவர் சொல்வதில் பொய்யில்லை. உதாரணத்துக்கு, ஆயிரத்தில் ஒரு பிரதி 35 ரூபாய், டிஜிட்டலில் 90 ரூபாய் என்று வையுங்கள். அங்கே 35,000, இங்கே நூறுக்கு 9,000. 35,000ஐ 90ஆல் வகுத்தால் ஏறக்குறைய 390. அதற்கு மேல் விற்றால் ஆஃப்செட் ஜெயிக்கும். உங்களுக்கு வந்த விலையைப் போட்டு இதே வகுத்தலைச் செய்து பாருங்கள். ஊரில் பெயர் தெரியாத முதல் நூல்காரருக்கு 390 என்பது சின்ன எண் இல்லை. கடைக்குக் கொடுத்தால் விற்ற பிறகுதான் காசு, அதிலும் முப்பத்தைந்து நாற்பது சதவீதம் கழிவு.

சரி, விற்காதது வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். அங்கேதான் நம் கடற்கரை குறுக்கே வருகிறது.

130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் கனம்) ஆர்ட் பேப்பர், 300 ஜிஎஸ்எம் அட்டை, 18 × 24 செ.மீ. அளவு, 32 பக்கம் என்றால் ஒரு பிரதி சுமார் 115 கிராம். ஆயிரம் பிரதி 115 கிலோ. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டு மீட்டருக்கு மேல். இடம் பெரிய பிரச்சினை இல்லை, ஒரு கட்டிலுக்கடியில் அடங்கிவிடும். உப்புக்காற்றும் ஈரமும்தான் பிரச்சினை.

முதலில் போவது பின். படக்கதை நூலை நடுவில் இரண்டு பின் அடித்துத்தான் கட்டுவார்கள். சாதாரண இரும்புக் கம்பி. கடலோரத்தில் ஒரு மழைக்காலம் தாண்டினால் அது துருப்பிடிக்கும். துரு பின்னோடு நிற்காது. நடுப்பக்கத்து இரட்டைப் படத்தில், மடிப்பின் இருபுறமும் பழுப்புக் கறையாக இறங்கும். வெளியே அட்டை முதுகில் இரண்டு புள்ளிதான் தெரியும், வாங்குகிறவர் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். துருப்பிடிக்காத கம்பி வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தபின் மாதிரிப் பிரதி ஒன்றின் பின்னில் உப்புத்தண்ணீர் தடவி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

அடுத்து அட்டை. வெளிப்புறம் மட்டும் லேமினேஷன் போட்டிருக்கும். உள்புறம் வெறும் காகிதம், அது ஈரத்தை இழுத்து விரியும். பிளாஸ்டிக் படலம் விரியாது. விளைவு, அட்டை வெளிப்பக்கமாக வளைந்து வாய் பிளந்து நிற்கும். கட்டாக இறுக்கி வைத்திருக்கும்வரை தெரியாது, கடை மேசையில் பரப்பியதும் எழுந்து நிற்கும்.

மூன்றாவது, ஆர்ட் பேப்பரின் பளபளப்பு. அது களிமண் பூச்சு. ஒழுகலிலோ, தரை ஓதத்திலோ நனைந்து அழுத்தத்தில் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படம் உரிந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் நனைந்தால் சுருங்கும், அவ்வளவுதான், காயவைத்து வாசிக்கலாம். ஆர்ட் பேப்பருக்கு அந்தப் பிழைப்பு இல்லை. இதற்கு மேல் ராமபாணப் பூச்சி, கரையான்.

காக்க வழி இல்லாமல் இல்லை. தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் அரை அடி தள்ளி மரப்பலகை மேல் வைக்க வேண்டும். ஈரமான நாளில் பிளாஸ்டிக் சுற்றினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறோம் என்று அர்த்தம். சிலிக்கா ஜெல் பாக்கெட் காற்றுப் புகாத டப்பாவில் மட்டும் பயன்படும், அதையும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். அந்துருண்டை கூடவே கூடாது. பிள்ளைகள் முகர்ந்து பார்த்து வாயில் வைக்கும் பொருள் இது. பரமக்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு மாடியில் ஒரு காய்ந்த அறை கிடைத்தால் அங்கே வைப்பது இத்தனை ஏற்பாட்டையும்விட நல்லது. அப்படி இடம் இருப்பவர்களுக்கு எங்கள் வாதம் பாதி வலுவிழந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

நூறு பிரதிக்கு இந்தக் கவலையே வராது. மூடி உள்ள இரண்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடங்கும். அடுத்த மழைக்கு முன் தீர்ந்தும் விடும்.

டிஜிட்டலில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் நூலின் அளவைப் பொறுத்தது. பொதுவாக 12 × 18 அங்குலத் தாளில் அடிப்பார்கள். கிரவுன் அளவு நூலுக்கு ஒரு தாளில் நான்கு பக்கம்தான் வரும். 32 பக்கத்துக்கு எட்டுத் தாள், இரு புறம் பதினாறு அச்சு, அட்டைக்கு ஒன்று. ஒரு புறத்துக்கு என்ன விலை என்று கேட்டுப் பதினேழால் பெருக்கினால் கட்டுக்கூலி நீங்கலாகப் பிரதி விலை வந்துவிடும். அதே நூலை ஏ5 அளவில் செய்தால் ஒரு தாளில் எட்டுப் பக்கம், எட்டு அச்சில் உள்பக்கம் முடிந்துவிடும். செலவு பாதி. ஆனால் வகுப்பறையில் ஆசிரியர் தூக்கிக் காட்டி வாசிக்கும் நூலாக இருந்தால் ஏ5 படம் கடைசி வரிசைக்குத் தெரியாது. மடியில் உட்கார வைத்துச் சொல்லும் கதைக்கு ஏ5, பள்ளிக்கு என்றால் கிரவுன்.

கோப்பில் வரும் கோளாறுகள் மூன்று. டேப்லெட்டில் ஆர்ஜிபியில் (திரைக்கான வண்ண முறை) வரைந்த கடல் நீலப்பச்சை, சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுக்கான நான்கு வண்ண முறை) மாறினால் மங்கி அழுக்குப் பச்சையாகும். ஓவியரிடம் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே, 300 டிபிஐ, ஓரம் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் யூனிகோடு தமிழில் கொம்புகள் இடம் மாறி நிற்கும். பிடிஎஃப் ஆக்கிய பிறகு வரிக்கு வரி ஒருமுறை படியுங்கள். மூன்றாவது மடிப்பு. டோனர் மை மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். அடர்ந்த நிறத்தை அட்டை முதுகில் கொண்டுவராதீர்கள், மடிக்குமுன் கோடு அழுத்தித் தரச் சொல்லுங்கள்.

நூறு பிரதியின் பெரிய லாபம் திருத்தம். ஆவுளியாவை வரையச் சொன்னால், இணையத்தில் படம் தேடும் ஓவியர் மனாட்டீ என்ற வேறு வகைக் கடற்பசுவைப் பார்த்து வரைந்துவிடுவார். மனாட்டீக்கு வால் துடுப்பு போல வட்டம், நம் ஆவுளியாவுக்கு ஓங்கில் வால் போல நடுவில் பிளவு. பாம்பன் பாலமும் அப்படித்தான்: 1914இல் திறந்தது இரண்டு கையாக விரியும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கும். ரயிலைப் புதுப் பாலத்தில் விட்டுவிட்டுத் திறப்பைப் பழைய மாதிரி வரைந்தால் மண்டபத்துப் பிள்ளை முதல் பார்வையிலேயே சொல்லிவிடும். நூறில் தப்பு இருந்தால் அடுத்த நூறில் சரியாகும். ஆயிரத்தில் இருந்தால் ஆயிரத்துக்கும் ஸ்டிக்கர்தான்.

இணைய வழிகளில் எங்கள் அனுபவம் மேலோட்டமானது, கணக்கு மட்டும் சொல்லலாம். அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம். இந்தியாவில் 70 சதவீதப் பங்கு வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற அவர்கள் திட்டத்தில் சேர்ந்து வேறெங்கும் மின்னூலாகத் தராமல் இருக்க வேண்டும். மேலும் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் கோப்பின் அளவில் எம்பிக்கு 7 ரூபாய் பிடித்தம். 15 எம்பி படக்கதைக்கு 105 ரூபாய் அதிலேயே போகும். 35 சதவீதத் திட்டத்தில் அந்தப் பிடித்தம் இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் இலவசமாக ஏற்றலாம், வாசகர் பரப்பும் பெரிது. ஆனால் அங்கே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் வெளியாகும். யாரும் எடுத்து அச்சிட்டு விற்கலாம், திரும்பப் பெற முடியாது. பதிப்பக ஆசை இன்னும் இருப்பவர் முதல் கதையை அங்கே ஏற்ற வேண்டாம். நூறு பிரதி அடித்து விற்றாலும் அது வெளிவந்த நூல்தான், சில பதிப்பகங்கள் அதற்கும் தயங்கும். ஆகவே பதிப்பகத்துக்கு அனுப்பி ஆறு மாதம் பார்த்துவிட்டு அச்சுக்குப் போவது முறை.

வெளியானதும் 1954 நூல் வழங்கல் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். நூறில் நாலு போய்விடுகிறதே என்று பார்க்காதீர்கள். வாசகர்களுக்கு அனுப்ப, 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய ஞான் போஸ்ட் இருக்கிறது; தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும். நம் கணக்கில் இரண்டு பிரதியும் உறையும் அதற்குள் அடங்கும். நூலில் விளம்பரம் இருக்கக் கூடாது, அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். பின்னட்டையில் மாமா கடை விளம்பரம் போடலாமா என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லி மறுத்துவிடலாம்.

முதல் நூறும் இரண்டாம் நூறும் ஒரே வருடத்தில் போய்விட்டால் சிவகாசிக்குப் போக நேரம் வந்துவிட்டது. அப்போதும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஆர்டர் கொடுக்காதீர்கள். அங்கே காலண்டர் வேலை குவிந்திருக்கும், இங்கே வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரியில் கொடுத்தால் மார்ச்சில் காய்ந்த கட்டாக வந்து இறங்கும், ஜூனில் பள்ளி திறக்கும்போது கையில் இருக்கும்.