விலை குறைந்த மின்காந்தப்புல மானி: வாங்கலாமா?

இலங்கையின் லக்ஷபான நீர்மின் நிலையங்கள் பக்கமிருந்து உயரழுத்தக் கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து போகும் ஊர்களில், "லைனுக்குக் கீழே பிள்ளைகளோடு குடியிருக்கலாமா?" என்ற கேள்வி ஓய்வதேயில்லை. இணையக் கடைகளில் இந்த ஒற்றைச் சுருள் மானி விலைபோவதும் அந்தப் பயத்தில்தான்.

காந்தப்புலத்துக்கு இது தாராளமாகப் போதும், பிடிக்கத் தெரிந்தால். உள்ளே இருப்பது ஒரே சுருள். ஒரு திசையைத்தான் பார்க்கும். ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் அளந்து, ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 0.3, 0.4, 0 என்று காட்டினால் விடை 0.5 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). மானியை வீசிக்கொண்டு நடந்தால் பூமியின் காந்தப்புலமே எண்ணைத் துள்ளவைக்கும். அலகையும் பாருங்கள்: சில மானிகள் மில்லிகாஸ் என்ற அலகில் காட்டும், 10 மில்லிகாஸ்தான் 1 மைக்ரோடெஸ்லா. வீண் பதற்றம் பெரும்பாலும் இந்தப் பத்து மடங்கில் பிறக்கிறது.

மின்புல அளவீடு சுமார். பிடிக்கும் கையே புலத்தைக் குலைத்துவிடும். பனிமூட்ட ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மர முக்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று வாசியுங்கள். காந்தப்புலம், மின்புலம் தவிர போன் டவர் அலையை அளக்க மானியில் உள்ள மூன்றாவது முறை வீண்: மலை உச்சி டவரையும் சட்டைப்பை போனையும் அது பிரித்தறியாது.

1979இல் அமெரிக்காவின் டென்வரில் ஆய்வாளர்கள் வெர்த்தைமரும் லீப்பரும் சிறுவர் புற்றுநோயை மின்கம்பிகளோடு தொடர்புபடுத்தியபோது, கம்பியின் தடிப்பையும் வீட்டிலிருந்து அதன் தூரத்தையும் வைத்தே மின்னோட்டத்தை ஊகித்தார்கள். காந்தப்புலம் மின்னழுத்தத்தோடு அல்ல, மின்னோட்டத்தோடு ஏறி இறங்கும். ஆகவே பகலில் அளந்துவிட்டு நிம்மதியடைய வேண்டாம். லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க லைட்டும் ரைஸ் குக்கரும் ஓடும் இரவு ஏழு மணிக்குத் திரும்ப அளவுங்கள்.

ஐக்னர்ப் (ICNIRP) என்ற சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பொதுமக்களுக்கு வைத்த வரம்பு, நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு, 200 மைக்ரோடெஸ்லா. சிறுவர் புற்றுநோய் பற்றிய பிற்கால ஆய்வுகளில் பேசப்படும் 0.3, 0.4 மைக்ரோடெஸ்லா எல்லாம் நீண்டநேரச் சராசரி. ஒரு நொடி வாசிப்பை அதோடு ஒப்பிட்டு நோய்க்குக் காரணம் சொல்ல இந்த மானியால் முடியாது.

ஆனால் புலம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு இது கெட்டிக்காரக் கருவி. கட்டில் தலைமாட்டுச் சுவரின் மறுபுறம் மின்மானிப் பெட்டி இருந்தால் அங்கே எண் ஏறும், சுவர் தடுக்காது. கட்டிலை ஒரு மீற்றர் நகர்த்தி மறுபடி பாருங்கள், மளமளவென்று இறங்கும். மெயின் சுவிட்சை அணைத்தும் இறங்காவிட்டால் புலம் வெளியிலிருந்து வருகிறது. வீட்டுக்கு ஒன்று தேவையில்லை, லயத்துக்கு ஒன்று போதும். பெட்டரி தளர்ந்தால் எண்கள் கண்டபடி ஓடும். முதலில் அதை மாற்றிவிட்டு அளவுங்கள்.