வயிறு உப்பல் விடவில்லை: லாப்பா, சனலா, கொழும்பா, அரச கிளினிக்கா?

வயிறு உப்புவது, நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்துபோவது, அடிவயிற்றில் ஒரு நோ, அடிக்கடி சிறுநீர் முட்டுவது. இவை வந்தால் எங்கள் ஊரில் முதலில் காஸ் என்று சொல்லி பார்மசியில் ஏதாவது வாங்கிக் குடிப்போம். பெரும்பாலும் அது காஸாகவோ சிறுநீர்த் தொற்றாகவோதான் இருக்கும். ஆனால் புதிதாகத் தொடங்கி விடாமல் வந்துகொண்டிருந்தால், அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு என்றால், சூலகப் புற்றுநோயா என்று பார்த்துவிட வேண்டும். பிரித்தானிய வழிகாட்டல் மாதத்துக்கு 12 தடவைக்கு மேல் என்று கணக்கே வைத்திருக்கிறது. எனக்கு ஐம்பது ஆகவில்லை, மாதவிடாயும் நிற்கவில்லை, இருந்தும் உப்பல் போகாததால் போய்ப் பார்த்தேன். திருகோணமலையில் இருந்துகொண்டு போகக்கூடிய வழிகளில் நான் எடுத்தது அரச ஆஸ்பத்திரி கிளினிக். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேரே லாப்புக்குப் போய், சூலகப் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் சீஏ 125 என்ற இரத்தப் பரிசோதனை எடுப்பதுதான் இருப்பதில் சுலபம். காசு கட்டி, இரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அதற்குப் பிறகுதான் தலையிடி. 35க்குக் கீழே என்றால் சாதாரணம் என்பார்கள். ஆனால் கர்ப்பப்பையில் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சவ்வு போன்றது வெளியே வளரும் வருத்தம்), ஈரல் வருத்தம், ஏன் மாதவிடாய் நாட்களில் எடுத்தால்கூட அது கூடும். மறுபக்கம், ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது கூடவே கூடாது. என் மச்சாள் இப்படித் தானாகப் போய் எடுத்து, எண் கூடிவந்து, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நித்திரையில்லாமல் திரிந்தாள். கடைசியில் எண்டோமெட்ரியோசிஸ்.

சனல் பண்ணிப் பார்ப்பது, அதாவது காசு கட்டித் தனியாரில் நிபுணரைப் பார்ப்பது, இதைவிட எவ்வளவோ மேல். வேலை முடிந்து பின்னேரம் போகலாம், பெண் டொக்டரைத் தேடிப் போகலாம். எங்கள் பெண்களில் நிறையப் பேர் உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கான் என்றாலே பின்வாங்குவதால் இது சின்ன விஷயம் இல்லை. செலவுதான் ஒவ்வொரு தடவையும் தனித்தனியாக ஏறும்.

கொழும்புக்கு இரவு ரயிலில் போய்ப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கலாம் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். அப்படிப் போன அனுபவம் எனக்கு இல்லை. ஆனால் முதல் ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் ஊரிலேயே எடுக்கக்கூடியவைதானே, அதற்கு ஏன் 250 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும்?

சரி, கிளினிக்குக்கு வருவோம். ஓபிடியில் காட்டி, கடிதம் வாங்கி, விஓஜியின் (பெண்நோயியல், மகப்பேற்று நிபுணரின்) கிளினிக் நாளுக்குக் காத்திருந்து, வாங்கில் இருந்தே ஒரு காலைப்பொழுது போய்விடும். அதை மறைக்க மாட்டேன். இருந்தும் நான் அதையே எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ஸ்கானையும் இரத்தத்தையும் வயதையும் ஒரே ஆள் சேர்த்து வாசிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது. ஸ்கானில் சந்தேகமான அடையாளம் ஒன்று இருந்தால் 1, இரண்டோ கூடவோ இருந்தால் 3, ஒன்றும் இல்லையென்றால் 0. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. இரண்டையும் பெருக்கி, அதைச் சீஏ 125 எண்ணாலும் பெருக்குவார்கள். 200 அல்லது 250ஐத் தாண்டினால் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். இப்போது பாருங்கள்: மாதவிடாய் நின்ற ஒரு அம்மாவுக்கு இரத்தத்தில் வெறும் 30, லாப் ரிப்போர்ட்டில் சாதாரணம் என்றே இருக்கும். ஸ்கானில் இரண்டு அடையாளம் இருந்தால் 3 தர 3 தர 30, மொத்தம் 270. அதே நேரம் என் வயதுப் பெண்ணுக்கு 60 வந்து ஸ்கானில் ஓர் அடையாளம் மட்டும் என்றால் கணக்கு 60 தான். ரிப்போர்ட்டைத் தனியாகப் பார்த்தால் பயப்பட வேண்டியவர் நிம்மதியாகப் போவார், மற்றவர் அழுதுகொண்டு போவார்.

சனலிலும் டொக்டர் சேர்த்துத்தான் வாசிப்பார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை வராவிட்டால் தேட அங்கே யாரும் இல்லை, காசு முடிந்தால் நாங்களே நிறுத்திவிடுவோம். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கும். பிரச்சினை என்று வந்தாலும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கோ மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ கடிதத்தோடு அனுப்புவார்கள், அங்கேயும் வைத்தியம் இலவசம். எனக்குச் சூலகத்தில் ஒரு சாதாரண நீர்க்கட்டி, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கான் என்று கொப்பியில் எழுதிவிட்டார்கள். ஸ்கான் திகதி தள்ளிப்போனால் அதை மட்டும் வெளியே எடுத்துக் கிளினிக்கில் காட்டலாம், நானும் அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று, சுகநலப் பெண்கள் கிளினிக்கில் பாப் டெஸ்ட் எடுத்தேன், சரியாக இருந்தது என்று யாராவது சொன்னால், அது கர்ப்பப்பைக் கழுத்துக்கு, சூலகத்தை அது பார்ப்பதில்லை. தாய் அல்லது சகோதரிக்கு மார்பகத்திலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால், டொக்டர் கேட்கும்வரை பார்த்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத நோவும் சத்தியும் வந்தால் கிளினிக், சனல் என்று எதையும் யோசிக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், சூலகக் கட்டி முறுகியிருக்கலாம்.