வங்கி அனுப்பும் சேதிகள்: நெடுநாள் பயன்பாட்டில் எது தேறியது?

எஸ்எம்எஸ், மின்னஞ்சல், ஆப் அறிவிப்பு, போன் அழைப்பு, நெட் பேங்கிங்குக்குள் இருக்கும் மெசேஜ் பெட்டி. இந்திய வங்கிகள் இந்த ஐந்து வழிகளில் பேசுகின்றன. முதல் நான்கையும் தகவல் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொண்டு, பதிலையும் புகாரையும் ஐந்தாவதில் எழுதுவதே சரிப்பட்டு வருகிறது.

அந்தப் பெட்டியைப் பலர் திறப்பதே இல்லை. ஆப்பில் கண்ணில் படாவிட்டால், பிரவுசரில் லாகின் செய்து 'மெசேஜஸ்' அல்லது 'சர்வீஸ் ரிக்வெஸ்ட்' பகுதியில் தேடுங்கள். லாகின் செய்தபின் எழுதுவதால் நீங்கள் யார் என்று மறுபடி நிரூபிக்க வேண்டாம். தேதியும் குறிப்பு எண்ணும் பதிவாகிவிடும். 30 நாளில் பதில் வராமல் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போக நேர்ந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். பழைய கடிதங்கள் அங்கேயே கிடக்கும் என்று விட்டுவிடாமல் பிடிஎஃப் எடுத்து வையுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் பார்க்க வேண்டியது அனுப்புநர் பெயர். வங்கியின் சேதி எண்ணிலிருந்து வராமல் ஆறு எழுத்துப் பெயரில் வரும்; 2025 முதல் அதன் கடைசியில் எஸ், டி, பி போன்ற ஓர் எழுத்தும் ஒட்டியிருக்கும். பி என்றால் விளம்பரம். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து 'கேஒய்சி முடிகிறது' என்று வந்தால் அழித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) இன்னும் கொடியது: நிறுவியதும் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும். ஓடிபி சேதியில் எண்ணை மட்டும் பார்க்காமல் தொகையையும் கடைப் பெயரையும் படியுங்கள். ஏமாற்று அங்கேதான் பிடிபடும்.

மின்னஞ்சல்தான் பலவீனம். வங்கித் தளங்கள் 'பேங்க்.இன்' (bank.in) என முடியும் முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2025 அக்டோபர் 31. ஆனால் அந்தச் சொல் முகவரியின் நடுவில் இருந்தால் பயனில்லை. தொடக்கத்தில் உள்ள https:// போக, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன் கடைசியாக நிற்க வேண்டும். பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாகக் கொண்ட ஸ்டேட்மென்ட்டைப் பூட்டியதாகவே கருத முடியாது. லாகின் செய்து பதிவிறக்குவது மேல்.

1600இல் தொடங்கும் எண்கள் வங்கிச் சேவை அழைப்புக்கு ஒதுக்கப்பட்டவை. அதிலிருந்து கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது.

மோசடியில் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, அடுத்து வங்கி. தவறு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை என்றால், 2017இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வங்கியின் சேதி வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. நாள் எண்ணுவது அந்தச் சேதியிலிருந்து. ஆகவே கணக்கில் பதிவான மொபைல் எண் நடப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.