பலவான் நிலத்தடி ஆறா, முலு குகைகளா?

தீவுக்கு விடுமுறை போகும்போது குகையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். கடற்கரை நாட்களுக்கு நடுவே ஒரு நாள் குகையா, அல்லது குகைக்காகவே பயணமா? பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் உள்ள புவேர்ட்டோ பிரின்செசா நிலத்தடி ஆறு முதல் வகைக்கு. போர்னியோ தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள முலு தேசியப் பூங்காவின் குகைகள் இரண்டாவது வகைக்கு. யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் முன்னது 1999-இலும் பின்னது 2000-இலும் இடம்பெற்றன. இரண்டுமே சுண்ணாம்புக்கல்லை மழைநீர் அரித்து உண்டான குகைகள். ஒற்றுமை அநேகமாக அத்தோடு சரி.

பலவானில் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தால் போதும். சபாங் துறையிலிருந்து, பக்கவாட்டில் மூங்கில் தாங்கிகள் கட்டிய படகு கடல்வழியே கொண்டுபோய் விடும். கரையோரக் காட்டில் கொஞ்ச தூரம் நடை. அங்கே குரங்குகளிடமிருந்து தின்பண்டப் பையைக் காப்பாற்றுவதுதான் பெரிய சாகசம். பிறகு தலைக்கவசமும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு துடுப்புப் படகில் ஏறினால், குகைவாய்க்குள் வெளிச்சம் சட்டென்று அறுந்துவிடும். படகோட்டியின் விளக்கு எங்கே விழுகிறதோ அங்கே மட்டும்தான் உங்களுக்குக் கண். அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். மேலே வௌவால்கள், சொட்டுவதெல்லாம் தண்ணீர் என்று நம்பிவிட முடியாது.

இந்த ஆறு மலைக்கடியில் 8.2 கிலோமீட்டர் ஓடி நேரே கடலில் விழுகிறது. அதனால் கடலின் ஏற்ற இறக்கம் குகைக்குள்ளும் தெரியும். சுவரில் கடற்பசு இனத்தின் புதைபடிவ எலும்புகள்கூட இருக்கின்றன. ஆனால் சுற்றுலாப் படகு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டரில் திரும்பிவிடும். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். நடக்கச் சிரமப்படும் பெற்றோரும் சிறு பிள்ளைகளும் உடன் வந்தால் இதை மிஞ்சிய இடம் இல்லை. எனக்கோ, பந்தியில் உட்காரவைத்துப் பாதியில் இலையை எடுத்துவிட்டதைப் போல இருக்கிறது.

முலுவில் கால்கள்தான் டிக்கெட். வெளியுலகிலிருந்து அங்கே சாலை கிடையாது. சரவாக்கின் மிரி நகரத்திலிருந்து சிறு விமானத்தில் போய் இறங்க வேண்டும். பூங்கா அலுவலகத்திலிருந்து மான் குகைக்கு மழைக்காட்டின் ஊடே சுமார் மூன்று கிலோமீட்டர் பலகைப் பாதை. வழிகாட்டி இல்லாமல் குகைக்குள் விடமாட்டார்கள். உள்ளே போனதும் முதலில் அறைவது அளவல்ல, நெடி. லட்சக்கணக்கான வௌவால்களின் எச்சம் மேடு மேடாகக் குவிந்து அமோனியாவாக மூக்கைப் பிடிக்கும். கைப்பிடிக் கம்பியைப் பற்றுமுன் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. எச்சமும் கரப்பான்களும் அதில் இருக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு தலையைத் தூக்கினால், கூரை நூறு மீட்டருக்கும் மேலே நிற்கிறது.

அந்தி நேரத்தில் குகைவாய்க்கு எதிரே பெஞ்சுகளில் காத்திருக்க வேண்டும். முதலில் ஒரு சின்னக் கூட்டம், புகை போல. பிறகு வளையம் வளையமாக, நெளிந்து நெளிந்து, முடிவே இல்லாமல் வௌவால்கள் வெளிவரும். நடுவில் பருந்து ஒன்று பாய்ந்தால் அந்தக் கோடு சிதறி மறுபடி கூடும். பலவானில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. திரும்பும் மூன்று கிலோமீட்டரும் இருட்டில் என்பதால் டார்ச்சை அறையில் மறந்துவிட்டு வரக் கூடாது.

அடுத்த நாளுக்குத் தெளிநீர்க் குகை இருக்கிறது. அதன் சுரங்கப் பாதைகளை இதுவரை 200 கிலோமீட்டருக்கும் மேல் அளந்திருக்கிறார்கள். வெளியே, பெயருக்கேற்ற நீரில் குளிக்கவும் செய்யலாம். முலுவில் இன்னொரு குகைக்குள், 1981-இல் கண்டறியப்பட்ட சரவாக் அறை என்னும் பெருங்கூடம் 600 மீட்டர் நீளமும் 415 மீட்டர் அகலமும் கொண்டது. ஆனால் அது குகையேறிப் பழகியவர்களுக்கு. ஆசையில் பெயர் கொடுத்துவிடாதீர்கள்.

வானிலை இரண்டு இடத்திலும் காலை வாரும், ஆனால் வேறு வேறு விதமாக. சபாங் மேற்குக் கரையில் இருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அன்றைய குகை அதோடு போயிற்று. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டுக்கும் வரம்பு உண்டு; முன்பதிவு இல்லாமல் போவது வீண். முலுவில் மழை பெய்தாலும் மான் குகை இருந்த இடத்தில்தான் இருக்கும். வௌவால்கள்தான் வெளியே வராமல் இருந்துவிடலாம். அதனால் அங்கே ஒரே ஒரு இரவு தங்குவது சூதாட்டம். இரண்டு இரவாவது வேண்டும்.

இரண்டில் ஒன்றென்றால், கால் தாங்குகிறவரை முலு என்பேன். விடுமுறை நான்கைந்து நாள்தான், கடலும் வேண்டும் என்றால் வாதமே வேண்டாம், பலவான்.

முலு விமானத்தில் இடம் கிடைக்காமல் மிரியில் மாட்டிக்கொண்டால் நியா குகைகளுக்குச் சாலைவழியே போய்விடலாம். 1958-இல் அங்கே தோண்டியெடுத்த மண்டையோடு ஏறத்தாழ 40,000 ஆண்டு பழையது. பழைய சுவரோவியங்களும் உண்டு. 2024-இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. அங்கேயும் பலகைப் பாதையில் நீண்ட நடைதான், மழை பெய்தால் பலகை வழுக்கும், செருப்போடு போகாதீர்கள்.