ஒரு குறும்படம், இரண்டு தொடக்கங்கள்

ஜனவரியில் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் குறும்படம் எடுத்தோம். விடியுமுன் பால் வெட்ட வருகிற தொழிலாளி, தனக்கு முன்பே யாரோ வெட்டிவிட்டுப் போன மரத்தைக் காண்கிறார். கதை அங்கே தொடங்குகிறது. இந்தத் தொடக்கத்தை இரண்டு விதமாக எடுத்துப் பார்த்தோம். முதலாவது, துண்டு துண்டான நெருக்கக் காட்சிகள், அடியில் கனத்த இசை. இரண்டாவது, வெட்டே இல்லாத ஒரே ஷாட், தோட்டத்தின் சத்தம் மட்டும். படத்தில் இருப்பது இரண்டாவது. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வகையின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கத்தி, செருப்பு, தலைவிளக்கு, கண் என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். நடிப்பில் வரும் பிசகைப் படத்தொகுப்பில் மறைக்கலாம். ஒரே காலையில் வேலை முடிந்தது.

ஒரே ஷாட் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கேமரா அந்தத் தொழிலாளியின் தோளுக்குப் பின்னால் நடக்க வேண்டும். வெளிச்சம் என்றால் தலைவிளக்கின் வட்டம் மட்டும்தான். அந்த வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. துண்டுக் காட்சிகளில் அடுத்து எதைக் காட்டுவது என்று இயக்குநர் முடிவு செய்கிறார். இங்கே தொழிலாளி தலையைத் திருப்பும்வரை நாம் காத்திருந்தாக வேண்டும்.

செலவு மரப்பட்டையில் வந்தது. நடித்தவர் உண்மையிலேயே பால் வெட்டும் தொழிலாளி. "தம்பி, இன்றைக்கு வெட்டிய மரத்தில் இனி நாளை மறுநாள்தான் கத்தி வைக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு வெட்டுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும். ஆழமாக இறங்கினால் மரம் புண்ணாகும். ஒரு டேக்குக்கு மூன்று மரங்கள் என்று கணக்குப் போட்டு, பன்னிரண்டு மரங்கள் நின்ற ஒரு வரிசையைக் கேட்டு வாங்கினோம். அதாவது நான்கே வாய்ப்புகள். மூன்றாவது டேக்கில் நான் வேரில் கால் இடறிக் கேமராவோடு சாய்ந்தேன். நான்காவதுதான் படத்தில் இருக்கிறது.

இத்தனை பாடுபட்டும், இரண்டில் எது என்பதை முடிவு செய்தது படம் அல்ல, ஒலி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், பார்ப்பவர்கள் கையில் இருக்கும் கைப்பேசியின் ஒலிபெருக்கி.

முதல் வகைக்கு நண்பர் ஒருவர் அடிவயிற்றில் அதிர்கிற ஓர் இசையைச் செய்து கொடுத்திருந்தார். ஹெட்போனில் கேட்டபோது உடல் சிலிர்த்தது. அதையே கைப்பேசியில் ஓட்டினால் இசையே இல்லை! அந்தச் சின்ன ஒலிபெருக்கிகளால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகள் எதையும் உருப்படியாக எழுப்ப முடியாது. எங்கள் இசையின் உயிரோ 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது. கைப்பேசியிலும் கேட்கட்டும் என்று அதற்கு மேல் அதிர்வுகளைச் சேர்த்துப் பார்த்தோம். அதன் பிறகு அது மின்சார மீட்டர் இரைவது போலக் கேட்டது. இசை போனதும் அந்தக் காட்சிகள் ரப்பர் வாரியத்தின் செய்முறை விளக்கம் போல ஆகிவிட்டன.

ஒரே ஷாட்டில் இருந்தவை வேறு சத்தங்கள். சில்வண்டின் இரைச்சல், முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பிய்க்கும்போது எழும் 'சர்ர்', பட்டையில் கத்தி ஓடும் உராய்வு. எல்லாமே மேல் சுருதிகள். மலிவான கைப்பேசியிலும் தப்பிப் பிழைத்தன. இரண்டு மரங்களை வெட்டிவிட்டு அவர் மூன்றாவதை நோக்கி நடக்கையில், இருட்டுக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு துளி, பால் பிடிக்கும் வெற்றுச் சிரட்டையில் விழுகிறது. அந்த மரத்தில் அவர் இன்னும் கத்தி வைக்கவில்லை. வெளிச்சம் அங்கே போய்ச் சேருவதற்குள் மேலும் இரண்டு துளிகள். (இந்தச் சத்தம் மட்டும் பிறகு தனியாகப் பதிவு செய்தது. அன்று காலை மைக்கில் விழுந்தது என் மூச்சிரைப்புதான்.)

சத்தத்தை வைத்துப் பதற்றம் கூட்டுவது நாங்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' 1958இல் வந்தபோது, காரில் குண்டு வைக்கப்படும் அந்தப் புகழ்பெற்ற ஒற்றை ஷாட்டின் மேல் பெயர்ப்பட்டியலும் ஹென்றி மான்சினியின் இசையும் ஓடின. 1998இல், வெல்ஸ் ஸ்டூடியோவுக்கு எழுதியிருந்த 58 பக்கக் குறிப்பை வைத்துப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தபோது, பெயர்களை எடுத்துவிட்டுத் தெருவின் சத்தங்களையும் கடைகளிலிருந்தும் காரிலிருந்தும் கசியும் பாட்டுகளையும் வைத்தார். ஷாட் ஒன்றுதான், பதற்றம் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். காரின் வானொலி நெருங்கி விலகுவதிலேயே குண்டு எங்கே போகிறது என்று காது பின்தொடர்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் படத்தைத் திரையரங்கில் யாரும் பார்க்கவில்லை. நல்ல ஒலிபெருக்கிகள் உள்ள அரங்கில் அந்த இசை நாற்காலியை உலுக்கியிருக்கலாம், அங்கே என் துளி எடுபடாமல் போயிருக்கலாம். அடுத்த கதைக்கு முட்டம் பாறைகளில் இடம் பார்த்திருக்கிறோம். அங்கே அலை மற்ற எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடுகிறது. நண்பரிடம் இசைக்கு மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.